பெற்ற வீடும் கூட்டிய வீடும்: சைபர் வினவலில் உதவி தேவை

வணக்கம். காரைக்குடியில் எங்கள் ஆறு தலைமுறை வம்சாவளியை ஆட்களையும் உறவுகளையும் வலைபோல் சேமிக்கும் நியோ4ஜே (Neo4j) தரவுத்தளத்தில் ஏற்றி வருகிறேன்; அதன் வினவல் மொழிதான் சைபர் (Cypher). ஐயா எழுதிய நோட்டில் சில பெயர்களுக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் ‘பிள்ளை கூட்டியது’ (அதாவது தத்து எடுத்தது) என்று இருக்கிறது. அதனால் பிள்ளையிலிருந்து தந்தைக்குப் ‘பிறப்பு’, ‘கூட்டியது’ என இரண்டு உறவு வகைகள் வைத்தேன்.

முன்னோரைத் தேட [:பிறப்பு|கூட்டியது*1..6] (ஒன்று முதல் ஆறு கண்ணி வரை) என்று எழுதினால், நடுவில் உள்ள | குறி ‘இது அல்லது அது’ என்று பொருள்படுவதால், கூட்டிய பிள்ளைக்கு இரண்டு வீட்டு முன்னோரும் கலந்து வருகிறார்கள். எனக்கு வேண்டியது வேறு: கூட்டிய உறவு இருப்பவருக்கு அந்த வழி மட்டும், இல்லாதவருக்குப் பிறப்பு வழி.

பாதையின் ஒவ்வொரு கண்ணியிலும் இதைச் சோதிக்க நிபந்தனையை எப்படி எழுதுவது? பிறப்பு உறவை அழித்துவிடலாம் என்று மட்டும் சொல்லாதீர்கள். பெற்ற தாய் தந்தையின் பெயர் ஐயாவின் கையெழுத்தில் இருக்கிறது, அதை விட எனக்கு மனமில்லை.