தென்னிந்தியப் பாறைநிலத்தில் நிலநடுக்க இடர் மதிப்பீடு: வழிகாட்டுதல் வேண்டுகிறேன்

குழுவிலுள்ள நிலநடுக்கவியலாளர்களுக்கும் கட்டமைப்புப் பொறியாளர்களுக்கும் வணக்கம்.

தென்னிந்தியத் தீபகற்பத்தில் அமையும் அணுமின் நிலையம் போன்றதொரு கட்டமைப்புக்கான நிலநடுக்க இடரை மதிப்பிடுவதே என் முதுகலை ஆய்வு. 10,000 ஆண்டுகளுக்கு ஒருமுறை நேரக்கூடிய அதிர்வைக் கணிக்க வேண்டிய இடத்தில், ஓரளவு நம்பத்தக்க பதிவுகள் சுமார் 200 ஆண்டுகளுக்கே கிடைக்கின்றன. கருவிகள் பதிந்த காலம் அதைவிடவும் குறைவு.

1993 செப்டம்பர் 30 அன்று மகாராஷ்டிராவின் கில்லாரியை 6.2 அளவு நிலநடுக்கம் தாக்கியபோது, அப்பகுதி அன்றைய நிலநடுக்க மண்டல வரைபடத்தில் மிகக் குறைந்த ஆபத்துக்குரிய முதல் மண்டலத்தில் இருந்தது. 2011 ஆகஸ்டில் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் நேர்ந்த 5.8 அளவு நடுக்கமோ, அருகிலிருந்த நார்த் அன்னா அணுமின் நிலையத்தின் வடிவமைப்பு வரம்பையே சில அதிர்வெண்களில் மீறியது. நிலையம் பெரும் சேதமின்றித் தப்பியதற்கு வடிவமைப்பில் இருந்த கூடுதல் வலிமையே காரணம் என நினைக்கிறேன்.

என்னைத் தடுமாறவைப்பது உச்ச அளவை, அதாவது அப்பகுதியில் நேரக்கூடிய மிகப் பெரிய நடுக்கத்தின் அளவைத் தீர்மானிப்பதுதான். 1900 பிப்ரவரியில் கோயம்புத்தூர்ப் பகுதியில் ஏற்பட்ட, சுமார் 6 அளவுள்ள நடுக்கத்தின் மீது குறிப்பிட்ட ஓர் அளவைக் கூட்டுவதா, அல்லது நிலவியல் ஒப்புமையுள்ள பிற கண்டங்களின் பழம்பாறைப் பகுதிகளில் நேர்ந்த நடுக்கங்களையும் சேர்த்துக் கணக்கிடுவதா? இரண்டாவது வழியே நேர்மையானது என்று எனக்குப் படுகிறது. ஆனால் இத்தகைய மாற்றுக் கருதுகோள்கள் ஒவ்வொன்றுக்கும் கணக்கில் எவ்வளவு எடை வழங்குவது என்பதில் தெளிவில்லை. தொலைவு கூடக்கூட அதிர்வு எவ்வளவு குறையும் எனக் கணிக்கும், கடினப் பாறைக்கு ஏற்ற அதிர்வுத் தணிவுச் சமன்பாடுகளைப் பயன்படுத்திய அனுபவம் உள்ளவர்களும், 1900 நடுக்கத்தைக் குறித்த அக்கால நாளிதழ்ச் செய்திகளையோ மாவட்ட ஆவணங்களையோ பார்த்தவர்களும் தயவுசெய்து இங்கே எழுதுங்கள்.