சீன நாடித்தேர்வின் 28 நாடிகளுக்குத் தமிழ்ப்பெயர்கள்

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

சீன மரபு மருத்துவத்தில் மணிக்கட்டைத் தொட்டு நோயறியும் முறைக்கும், அம்முறையில் வேறுபடுத்தப்படும் 28 நாடிகளுக்கும் தமிழில் என்ன பெயரிடலாம் என்ற இந்த இழையில் இதுவரை இரண்டு வழிகள் முன்வைக்கப்பட்டுள்ளன. சீனப் பெயர்களை ஒலிபெயர்த்து அப்படியே எழுதிவிடலாம் என்பது ஒன்று. சித்த மருத்துவத்தில் நாடிநூல்கள் ஏராளமாக இருக்கும்போது, வாதம், பித்தம், ஐயம் (கபம்) என்ற நம் வழக்கிலேயே அவற்றை அடக்கிவிடலாம் என்பது மற்றொன்று. இரண்டுமே படிப்பவரைத் தவறான இடத்தில் கொண்டுபோய் நிறுத்தும் என்பது என் கருத்து. தலைச்சொல்லாக 'நாடி' இருக்கட்டும். அதற்கு முன்னால் வரும் அடைச்சொல்லை மட்டும், மருத்துவரின் விரலுக்கு என்ன தட்டுப்படுகிறது என்பதைக் கொண்டு புதிதாக ஆக்குவோம்.

முதலில் தலைச்சொல். சீனத்தில் இதற்குரிய சொல்லைத் தமிழில் 'மை' என்று எழுதலாம். அதன் எழுத்துருவில் ஒரு பாதி உடலையும் மறுபாதி கிளை பிரியும் நீரோட்டத்தையும் குறிக்கும். ஹூனான் மாநிலத்தின் சாங்ஷா நகரில், கி.மு. 168இல் மூடப்பட்ட மாவாங்துயி மூன்றாம் கல்லறையிலிருந்து 1973இல் எடுக்கப்பட்ட சுவடிகளில், உடலில் ஓடும் 11 தடங்களுக்கும் 'மை' என்றே பெயர். பிற்காலத்தில் மணிக்கட்டில் உணரப்படும் துடிப்புக்கும் அதே சொல்தான் வழங்குகிறது. தடமும் துடிப்பும் ஒரே சொல்லுக்குள் இருப்பதை ஐரோப்பிய மொழிபெயர்ப்பாளர்கள் இரண்டு சொற்களாகப் பிரித்துத்தான் எழுத வேண்டியிருந்தது. நமக்கு அந்தத் தொல்லை இல்லை. இடகலை, பிங்கலை, சுழுமுனை என்னும்போது 'நாடி' ஒரு தடம். 'நாடி பிடித்துப் பார்த்தார்' என்னும்போது அது துடிப்பு. 'மை' தாங்கும் இரண்டு பொருளையும் 'நாடி' அப்படியே தாங்குகிறது.

'துடிப்பு' என்று எழுதினால் தடம் என்ற பொருள் விடுபட்டுப்போகிறது. பாடநூல்களில் அது நிமிடத்துக்கு எத்தனை என்ற எண்ணிக்கையோடு ஒட்டிக்கொண்டும் விட்டது. பழைய வழக்கில் 'தாது' என்பதும் நாடியைக் குறித்ததுண்டு. ஆனால் இன்றைய வாசகருக்கு அது ஏழு உடற்கட்டுகளையோ கனிமத்தையோதான் நினைவூட்டும். 'நாடி' இலங்கையிலும் தென்மாவட்டங்களிலும் மோவாயைக் குறிக்கும் என்ற மறுப்பு உண்மைதான். எனினும் மருத்துவத் தொடரில் அந்தக் குழப்பம் எழாது. 'நோய்நாடி நோய்முதல் நாடி' என்ற குறளை இச்சொல்லுக்குச் சான்றாகக் காட்ட வேண்டாம் என்று மட்டும் வேண்டிக்கொள்கிறேன். அங்கே அது 'ஆராய்ந்து' என்ற பொருள்படும் வினையெச்சம். வலுவான சொல்லுக்கு வலுவற்ற சான்று தேவையில்லை.

அடுத்து, சித்த மருத்துவ வகைப்பாட்டை ஏன் இங்கே கொண்டுவரக் கூடாது என்பது. இரு மரபுகளிலும் மருத்துவர் சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரல் மூன்றையும் பெருவிரல் பக்கத்துத் தமனியின்மேல் வைக்கிறார். பார்ப்பதற்கு ஒன்றுபோல இருப்பதால் உள்ளேயும் ஒன்றுதான் என்று எண்ணத் தோன்றுகிறது. நம் மரபில் அம்மூன்று விரல்களுக்கும் முறையே வாதம், பித்தம், ஐயம் தட்டுப்படுகின்றன. அவற்றின் இயல்பான அளவு ஒன்று, அரை, கால் என்ற விகிதத்தில் சொல்லப்படுகிறது. நடையை அன்னம், ஆமை, தவளை போன்ற உயிர்களின் நடைக்கு ஒப்பிடுகிறார்கள். சீன மரபில் விரல்களுக்குக் கீழே இருப்பவை உள்ளுறுப்புகள். இடக்கையில் விரல்நுனிப் பக்கத்திலிருந்து இதயம், கல்லீரல், சிறுநீரகம். வலக்கையில் நுரையீரல், மண்ணீரல், மீண்டும் சிறுநீரகம் அல்லது 'உயிர்வாயில்' எனப்படும் இடம். ஆணுக்கு வலக்கை, பெண்ணுக்கு இடக்கை என்ற நம் வழக்கத்துக்கு அங்கே வேலையில்லை. இரு கைகளையும் பார்த்தால்தான் படம் முழுமையாகும். இப்படியிருக்க, கல்லீரலோடு தொடர்புபடுத்தப்படும் ஒரு சீன நாடிக்குப் 'பித்தநாடி' என்று பெயரிட்டால், அதைப் படிக்கும் சித்த மருத்துவ மாணவர் நடுவிரலையும் அரைப்பங்கு அளவையும்தான் நினைப்பார். போகர் சீனம் சென்றார் என்ற மரபுவழிச் செய்தியை இழையில் ஒருவர் எடுத்துக்காட்டினார். அந்தச் செய்தி எவ்வளவு போற்றத்தக்கதாக இருந்தாலும், இரண்டு வகைப்பாடுகளை ஒன்றாக்கும் உரிமையை அது நமக்குத் தந்துவிடாது.

ஒலிபெயர்ப்பைப் பற்றி ஒரே ஒரு செய்தி போதும். மேலே மிதக்கும் நாடிக்குச் சீனத்தில் 'ஃபூ' என்று பெயர். எலும்புவரை அழுத்தினால்தான் அகப்படும் நாடிக்கும் 'ஃபூ' என்றே பெயர். எழுத்து வேறு, ஒலியும் தொனியும் ஒன்று. சீனர்கள் எழுத்தைப் பார்த்துத் தெளிந்துகொள்கிறார்கள். தமிழில் ஒலிபெயர்த்தால் எதிரெதிரான இரண்டு நாடிகள் ஒரே பெயரில் வந்து நிற்கும்.

மணிக்கட்டில் விரல்கள் பதியும் மூன்று இடங்களின் பெயர்களையும் இதே காரணத்தால் மொழிபெயர்க்கவே வேண்டும். கையை ஒட்டிய இடத்தின் பெயர் ஓர் அங்குல அளவையும், நடு இடத்தின் பெயர் கோட்டை வாயிலையும், முழங்கைப் பக்கத்து இடத்தின் பெயர் பத்து அங்குல அளவையும் குறிக்கின்றன. மணிக்கட்டில் புடைத்திருக்கும் எலும்பை ஒட்டியதுதான் வாயில். அதிலிருந்து உள்ளங்கை மேடுவரை அங்குலத்தின் பக்கம், முழங்கை மடிப்புவரை பெரிய அளவின் பக்கம் என்று 'நான்ஜிங்' என்னும் பழைய சீன மருத்துவ நூல் பிரிக்கிறது. ஹான் அரசமரபுக் காலத்தில் அந்தப் பெரிய அளவு ஏறத்தாழ 23 செ.மீ.; நம் சாணும் அவ்வளவே. ஆகவே விரல்நிலை, வாயில்நிலை, சாண்நிலை என்று சொல்லலாம். சாணுக்குப் பன்னிரண்டு விரற்கடை என்ற நம் கணக்கு சீனப் பதின்கூறுக் கணக்கோடு பொருந்தாது என்பதால், விரற்கடை என்று முழுதாக எழுதாமல் 'விரல்' என்று நிறுத்தியிருக்கிறேன். வாயில்நிலை என்ற பெயர் இருபுறத்துக்கும் நடுவே உள்ள எல்லையையும் சேர்த்தே உணர்த்துகிறது.

நாடி பார்ப்பது சீன மருத்துவத்தின் நால்வகைத் தேர்வில் ஒன்று என்பதால், மற்ற மூன்றையும் இங்கேயே முடிவுசெய்துவிடுவது நல்லது. சித்த மருத்துவத்தின் எண்வகைத் தேர்வை ஒட்டி 'நால்வகைத் தேர்வு' என்ற தொகைப்பெயர் எளிதாக அமைகிறது. 'கேட்டறிதல்' என்ற சொல்லை மட்டும் விலக்க வேண்டும். சீனத்தின் இரண்டாம் தேர்வு, நோயாளியின் குரல், மூச்சு, இருமல் ஆகியவற்றைச் செவியால் அறிவதோடு உடல் நாற்றத்தை மூக்கால் அறிவதையும் உள்ளடக்கியது. மூன்றாம் தேர்வு வினவுதல். தமிழில் 'கேட்டல்' செவிமடுத்தலையும் குறிக்கும், வினவுதலையும் குறிக்கும். மூக்கை மட்டும் குறிக்காது. எனவே காட்சித் தேர்வு, ஒலிமணத் தேர்வு, வினாத் தேர்வு, தொடுதேர்வு என்ற நான்கையும் முன்மொழிகிறேன். தொடுதேர்வின் தலையாய பகுதி நாடித்தேர்வு.

இனி நாடிகள். மூன்றாம் நூற்றாண்டில் சீன மருத்துவர் வாங் ஷூஹ தொகுத்த 'மைஜிங்' என்னும் நாடிநூல் 24 நாடிகளை வரையறுத்தது. 1564இல் லி ஷிசென் தம் நாடிநூலில் 27 என்றார். பிறகு மிகுவிரைவு நாடி ஒன்று சேர்ந்து 28 ஆயிற்று. வாங் ஷூஹ தம் முன்னுரையில் சொல்லும் ஒரு கருத்து நம் வேலைக்கு நேரடியாக உதவுகிறது. நாடிகளின் வேறுபாடு மனத்துக்கு எளிதில் புரிந்துவிடும், விரலுக்குக் கீழேதான் தெளிவாகாது என்கிறார். ஆழ்ந்த நாடியை மறைந்த நாடி என்று கொண்டால் மருத்துவம் வழிதவறும், நிதான நாடியை மெதுவான நாடி என்று கொண்டால் உயிருக்கே ஊறு நேரும் என்று எச்சரிக்கிறார். அருகருகே உள்ள நாடிகளின் பெயர்கள் ஒன்றையொன்று விழுங்காமல் இருப்பதே நாம் கடைப்பிடிக்க வேண்டிய முதல் விதி.

ஆழத்தில் தொடங்குவோம். நீரில் மிதக்கும் மரக்கட்டைபோல மெல்லத் தொட்டதுமே எழுவதற்கு 'மிதநாடி' என்று ஒருவர் எழுதியிருந்தார். 'மிதம்' அளவோடிருத்தலையும் குறிப்பதால் அது நிதான நாடியோடு மோதும். 'மிதவைநாடி' என்பதே பாதுகாப்பானது. அழுத்தினால் கிடைப்பது ஆழ்நாடி. தசையை விலக்கி எலும்புவரை தேடினால் கிடைப்பது மறைநாடி. வேகத்தில் சிக்கல் குறைவு. மருத்துவரின் ஒரு மூச்சுக்கு, அதாவது ஒருமுறை உள்வாங்கி வெளிவிடுவதற்குள், நான்கு அல்லது ஐந்து துடிப்பு இயல்பு. மூன்றுக்கு மேற்படாதது மெதுநாடி, ஆறு ஆனால் விரைநாடி, ஏழெட்டானால் கடுவிரைநாடி. ஏறக்குறைய நான்காய், அவசரமின்றி வருவது நிதானநாடி. 'மந்தநாடி' வேண்டாம்; மந்தம் என்றதும் தமிழருக்கு வயிறுதான் நினைவுக்கு வரும்.

மிகுதியாக வாதிக்கப்பட்டது 'ஹுவா' என்னும் நாடி. தட்டில் உருளும் முத்துக்கள்போல விரலுக்கு விரல் தங்குதடையின்றி வழிந்தோடுவது இது. கருவுற்ற பெண்களிடமும், நலமுள்ள இளைஞரிடமும், சளி மிகுந்த நோயாளரிடமும் காணப்படுவது. 'வழுக்குநாடி' என்பது நேர்ப்பெயர்ப்பு. ஆனால் 'வழு' என்ற முதனிலை குற்றத்தை உணர்த்துவதால், நலமான தாயின் நாடிக்கு அப்பெயரை இடுவது எனக்கு உறுத்துகிறது. 'உருள்நாடி' உவமையைச் சொல்கிறதே தவிர, விரலடியிலிருந்து நழுவும் தன்மையைச் சொல்லவில்லை. 'நழுவுநாடி' இரண்டுக்கும் நடுவே நன்றாக நிற்கிறது. இதன் எதிர்நாடிக்கு மெல்லிய கத்தி மூங்கிலைச் சுரண்டுவது உவமை. ஓட்டம் தயங்கித் தயங்கி வரும். அதற்கு 'உராய்நாடி' என்போம். 'திக்குநாடி' என்ற பரிந்துரையில் தயக்கம் அழகாக வருகிறது. ஆயினும் திசை என்ற பொருள் முந்திக்கொள்ளும்.

கல்லீரலுக்கும் இளவேனிற்காலத்துக்கும் உரியதாகச் சொல்லப்படும் 'ஷியான்' நாடிக்குச் சீன எழுத்தில் உள்ளது வில்லின் நாண். இசைக்கருவியின் தந்தியையும் அதே எழுத்து குறிக்கும். யாழின் தந்தியைப் பழந்தமிழ் 'நரம்பு' என்றது. அந்தச் சொல் இவ்விடத்தில் எவ்வளவு அழகாகப் பொருந்தினாலும், மருத்துவ நூலில் 'நரம்புநாடி' என்று எழுதுவது பெரும் பிழைக்கு இடம்தரும். 'நாண்' தான் சரியான சொல். ஆனால் புணர்ச்சி விதிப்படி நாண் என்பதும் நாடி என்பதும் சேர்ந்தால் 'நாணாடி' ஆகும். நுண் என்பதோடு சேர்ந்தால் 'நுண்ணாடி' ஆகிக் கண்ணாடியின் உறவுபோல ஒலிக்கும். ணகர, னகர மெய்யில் முடியும் அடைச்சொற்களைக் கூடியவரை தவிர்ப்போம்; தவிர்க்க முடியாத இந்த ஓரிடத்தில் 'நாண் நாடி' என்று பிரித்தே எழுதுவோம். இதைவிட இறுக்கமாக, முறுக்கிய கயிறுபோல அதிர்வது முறுக்குநாடி.

'கோவ்' நாடிக்குச் சீனர்கள் தரும் பெயரே வெங்காயத்தாளின் பழம்பெயர். தாளை விரலால் அழுத்திப் பார்த்தால் மேலே ஒரு மெல்லிய எதிர்ப்பு, அதை அடுத்து நடுவில் வெறுமை, இருபக்கமும் சுவர் தெரியும். பெருமளவு குருதி இழந்தவரிடம் இந்த நாடி சொல்லப்படுகிறது. 'தாள்நாடி' என்றால் காகிதம் என்று கொள்ளும் தலைமுறை வந்துவிட்டது. உட்டுளை உடையது என்ற பொருளில் 'புழைநாடி' என்று வைத்து, வெங்காயத்தாளை வரையறையில் சொல்லிவிடலாம். தோல் என்று பொருள்படும் 'கெ' நாடி, முரசின் தோல்போல மேலே விறைத்து உள்ளே ஒன்றுமில்லாதது. 'தோல்நாடி' என்று எழுதினால் சருமத்தில் பார்ப்பது என்றாகிவிடும் என்பதால் 'முரசுநாடி' நன்று.

வலுக்குறைந்த நாடிகள் ஐந்தையும் ஒரே மூச்சில் 'மெலிநாடி' என்று சொல்லிவிடும் ஆசை எழும். அதற்கு இடங்கொடுக்கக் கூடாது. நூல்போல ஒடுங்கியும் விரலுக்குத் தெளிவாக இருப்பது இழைநாடி. உண்டோ இல்லையோ என்று ஐயுற வைப்பது மங்குநாடி. மேலாக, மெல்லியதாக, நீரில் கிடக்கும் பட்டுத்துணிபோல இருப்பது தோய்நாடி. அதே மென்மை ஆழத்தில் இருந்தால் நலிநாடி. அழுத்த அழுத்த உள்ளீடற்றுப் போவது வெற்றுநாடி. அதற்கு எதிரானது நிறைநாடி. வெள்ளமாக எழுந்து தளர்ந்து இறங்குவது பொங்குநாடி. நெடுநாடி, குறுநாடி இரண்டுக்கும் விளக்கம் தேவையில்லை.

இடையில் நின்று நின்று வரும் மூன்று நாடிகளில்தான் எனக்கு இன்னும் நிறைவு ஏற்படவில்லை. விரைந்து வந்து ஒழுங்கின்றி நிற்பது ஒன்று. மெதுவாக வந்து ஒழுங்கின்றி நிற்பது ஒன்று. ஒழுங்கான இடைவெளியில் நிற்பது மூன்றாவது. இரண்டாவதன் சீனப் பெயர் முடிச்சு என்று பொருள்படுவதால் 'முடிச்சுநாடி' பொருந்தும். மூன்றாவதற்கு 'இடையறுநாடி' போதுமானது. முதலாவதற்கு 'இடறுநாடி' என்று எழுதிப் பார்த்தேன். விரைந்து ஓடுபவரே இடறுவார் என்பதால் வேகமும் தடையும் ஒருங்கே கிடைக்கின்றன. ஆனால் இடையறு, இடறு என்ற இரண்டும் ஒலியில் மிக நெருங்கிவிடுகின்றன. வாங் ஷூஹவின் எச்சரிக்கையை நாமே மீறியவர்கள் ஆவோம். 'இடறுநாடி'யை வைத்துக்கொண்டு மூன்றாவதை 'தவணைநாடி' என்று மாற்றலாமா என்பதை, நாடி பார்த்துப் பழகிய மருத்துவ நண்பர்கள் சொன்னால், இங்கே பேசாத எஞ்சிய நாடிகளையும் சேர்த்துப் பட்டியலை முடித்துவிடலாம்.