இயர்வேர்ம் என்றால் உண்மையிலேயே புழுவா?

உப்புவெளியான்:
எங்கள் ஒழுங்கைக்குப் பின்னேரம் நாலரைக்கு ஒரு மெட்டை ஒலிக்கவிட்டபடி பாண் (ரொட்டி) விற்கிற ஓட்டோ வரும். அந்த மெட்டு காதில் விழுந்தால் அவ்வளவுதான், படுக்கும்வரை தலைக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். போன வெள்ளி கோணேசர் கோயிலில் தீபாராதனை நேரம் என்னையறியாமல் அதையே முணுமுணுத்து அம்மாவிடம் குட்டு வாங்கினேன். கூட வேலை செய்கிறவர் இதற்கு ஆங்கிலத்தில் 'இயர்வேர்ம்' என்று பெயர் என்றார். தேடினால் சோளப்பொத்தியைக் குடையும் புழுவின் படம்தான் வருகிறது. பாட்டுக்கும் புழுவுக்கும் என்ன உறவு?

மொழிப்பைத்தியம்:
அந்தச் சோளப்புழுவை விடுங்கள் தம்பி, அது வேறு. ஆங்கிலத்தில் கதிரும் 'இயர்', காதும் 'இயர்', எழுத்துக்கூட்டு ஒன்று, வேர் வேறு. நீங்கள் கேட்கிற சொல் ஜெர்மன் மொழியின் 'ஓர்வுர்ம்'. ஓர் என்றால் காது, வுர்ம் என்றால் புழு, அப்படியே பெயர்த்து எடுத்துக்கொண்டார்கள். 1978இல் வந்த ஓர் ஆங்கில நாவலிலேயே பாட்டுப் பொருளில் இருக்கிறது. ஜெர்மன்காரருக்கும் அது முதலில் பாட்டல்ல, வால் நுனியில் இடுக்கி வைத்த ஒரு பூச்சியின் பெயர். தூங்குகிறவர் காதுக்குள் அது புகுந்துவிடும் என்று பயந்திருக்கிறார்கள், அதையே காயவைத்துப் பொடியாக்கிக் காதுநோய்க்கு மருந்தாகவும் போட்டிருக்கிறார்கள் (முள்ளை முள்ளால் எடுக்கிற கணக்குப் போல). அப்புறம்தான் காதுக்குள் புகுந்து கிளம்ப மறுக்கிற பாட்டுக்கும் அந்தப் பெயர் வந்தது.

கிட்டார்க்காரி:
உங்கள் பாண் ஓட்டோ மெட்டு பீத்தோவன் 1810இல் எழுதிய 'ஃபூர் எலீஸ்' என்ற பியானோ இசை. தொடக்கத்தில் பக்கத்துப் பக்கத்துச் சுரங்கள் இரண்டு மாறிமாறி ஊசலாடும், ஓட்டோவில் அந்த முதல் பகுதிதான் திரும்பத் திரும்ப ஒலிக்கும். அது முடிய முன்னமே ஓட்டோ மூலை திரும்பிவிடும், மிச்சத்தை உங்கள் தலை வாசித்து முடிக்கப் பார்க்கிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. முழுவதையும் ஒருதரம் கடைசிவரை கேட்டுப் பாருங்கள், எனக்கு அப்படித்தான் விட்டுப்போனது. இப்படி ஓட்டோவில் வரும் பாணைச் சிங்களத்தில் 'சூன் பாண்' என்கிறார்களே, அந்தச் 'சூன்' கூட ஆங்கில 'டியூன்'தான்.

மொழிப்பைத்தியம்:
இன்னொரு வழியும் இருக்கிறது. சுவிங்கம் சப்பினால் பாட்டுத் தொல்லை குறைகிறது என்று 2015இல் இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகத்தார் சோதித்துச் சொன்னார்கள். தாடை அசைந்துகொண்டிருந்தால் மனதுக்குள் பாடுவது கஷ்டமாம்.

உப்புவெளியான்:
சரி, சுவிங்கத்துக்குப் பதில் மீன் பணிஸ் சப்பினால் சரிவருமா? அதை வாங்கவும் அந்த ஓட்டோவிடம்தான் போகவேண்டும்.