சப்மிட் அழுத்தாதவன் அசைன்மென்ட் கொடுக்காதவனா?

சர்வர்காரன்:
நேற்று இங்கே வகுப்பறை ஐயா எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. "எல்எம்எஸ் வந்த பிறகு இன்டர்னல் மார்க்கில் அநியாயத்துக்கே இடமில்லை, சப்மிட் பொத்தானை அழுத்தாதவன் அசைன்மென்ட் கொடுக்காதவன், பூஜ்யம்தான்" என்று எழுதியிருந்தார். ஐயா, ஒரு பொறியியல் கல்லூரியில் மூடுலை, அதாவது பாடம், அசைன்மென்ட், டெஸ்ட் எல்லாவற்றையும் இணையத்தில் நடத்த உதவும் எல்எம்எஸ் மென்பொருளை, பார்த்துக்கொள்கிறவன் நான். மாணவன் கெடுவுக்கு முன்னாலேயே பிடிஎஃப்பை ஏற்றிவிட்டான், கோப்பு சர்வரில் இருக்கிறது, எத்தனை மணிக்கு எந்த ஐபி முகவரியிலிருந்து வந்தது என்பது வரை லாகில் பதிவாகியிருக்கிறது. உங்கள் திரையிலும் அவன் பெயருக்கு நேரே அந்தக் கோப்பு தெரியும், கூடவே 'வரைவு, ஒப்படைக்கவில்லை' என்று இருக்கும், அவ்வளவுதான். கண்ணெதிரே இருப்பதை இல்லை என்று சொல்லிப் பூஜ்யம் போடுவது எந்த ஊர் நியாயம்?

வகுப்பறை:
வரைவு என்றால் அவன் இன்னும் முடிக்கவில்லை என்றுதான் அர்த்தம். முடிக்காததை நான் ஏன் திருத்த வேண்டும்? தாளில் எழுதிய காலத்தில் நோட்டை மேசையில் வைத்தால்தான் கணக்கு, பையிலேயே வைத்திருந்தால் கணக்கில்லை. ஒரு பொத்தானை அழுத்தக்கூட பொறுமை இல்லாதவன் நாளைக்கு வேலைக்குப் போய் என்ன செய்வான்?

சர்வர்காரன்:
பையில் இல்லை ஐயா, உங்கள் மேசையில்தான் இருக்கிறது. அந்தப் பொத்தானை அங்கே கொண்டுவந்து வைத்தது யார், அதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். மூடுலில் 'மாணவர் சப்மிட் பொத்தானை அழுத்த வேண்டும்' என்றொரு அமைப்பு இருக்கிறது. நிறுவும்போது அது 'இல்லை' என்றுதான் இருக்கும். அப்படியே விட்டால், கோப்பை ஏற்றிச் சேமித்த உடனேயே ஒப்படைத்ததாகிவிடும். யாராவது போய் 'ஆம்' என்று மாற்றினால்தான் இந்த வரைவு என்ற பேச்சே வரும். மாற்றியது நீங்கள், தண்டனை பையனுக்கு.

மூன்றாமாண்டு ஈசிஈ:
எனக்கும் இது நடந்தது, அதனால் எழுதுகிறேன். கையால் எழுதி, போனில் ஸ்கேன் எடுத்து, சைஸ் பெரிது பெரிது என்று திருப்பி அனுப்பியதை எல்லாம் சுருக்கி, ஒருவழியாக ஏற்றினேன். சேமித்ததும் கோப்பின் பெயர் வந்தது. வந்துவிட்டது என்று நிம்மதியாகப் படுத்தேன். போன் திரையில் அந்தப் பொத்தான் பட்டியலுக்கெல்லாம் கீழே இருந்தது, இழுத்துப் பார்த்தால்தான் தெரியும். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ரெகுலேஷனில் தியரி பாடத்துக்கு, கல்லூரியே போடும் இன்டர்னல் 100க்கு 40 மார்க். அதில் ஒரு அசைன்மென்ட் பூஜ்யம் என்றால் என்ன ஆகும் என்று மேடம் சார் எல்லாருக்கும் தெரியும்.

வகுப்பறை:
தம்பி, 'ஒப்படைக்கவில்லை' என்று உன் திரையிலும்தான் எழுதியிருந்தது. படிக்கவில்லையா?

நெல்லைச்சீமை:
இதற்குத்தான் சொல்கிறேன், மூடுலைத் தூக்கிப் போட்டுவிட்டு கூகுள் கிளாஸ்ரூமுக்கு வாருங்கள். எங்கள் கல்லூரியில் இந்தச் சண்டையே கிடையாது.

சர்வர்காரன்:
நெல்லைச்சீமை அண்ணா, கிளாஸ்ரூமிலும் ஒப்படைக்க 'டர்ன் இன்' என்று ஒரு பொத்தான் இருக்கிறதே, மறந்துவிட்டீர்களா? கோப்பை இணைத்துவிட்டு அதை அழுத்தாமல் விட்டால் அங்கேயும் 'மிஸ்ஸிங்' என்றுதான் காட்டும். ஆனால் ஆசிரியர் நினைத்தால் திறந்து பார்த்து மார்க் போடலாம். இங்கேயும் அதேதான், ஆசிரியர் நினைக்க வேண்டும். மென்பொருளை மாற்றினால் மனசு மாறாது.

நெல்லைச்சீமை:
2002இல் வந்த மென்பொருளைக் கட்டிக்கொண்டு அழுகிறீர்கள். கிளாஸ்ரூம் 2014இல்தான் வந்தது, எவ்வளவு எளிமையாக இருக்கிறது பாருங்கள். உங்கள் மூடுலில் ஒரு பாடத்தைத் தேடிப் பிடிப்பதற்குள் வகுப்பே முடிந்துவிடும்.

சர்வர்காரன்:
2002இல் ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் மார்ட்டின் டூகியாமாஸ் மூடுலை வெளியிட்டபோதே ஜிபிஎல் உரிமத்தில்தான் கொடுத்தார், யார் வேண்டுமானாலும் எடுத்துத் தன் சர்வரில் போட்டுக்கொள்ளலாம். எங்கள் மாணவர்களின் தேர்வு விவரம் எங்கள் வளாகத்துக்குள்ளேயே இருக்கிறது. உங்களுடையது எங்கே இருக்கிறது, உங்களால் கைகாட்ட முடியுமா? சரி, அது வேறு கதை. நான் கேட்டது பொத்தானைப் பற்றி.

பழைய ஹெச்ஓடி:
கல்லூரிக்குத் தரச்சான்று கொடுக்கும் நாக் குழு வரும்போது காட்ட ஓர் எல்எம்எஸ் வேண்டும் என்று அவசர அவசரமாகப் போட்ட கல்லூரிகள்தான் அதிகம். ஆசிரியருக்குப் பயிற்சி கிடையாது, மாணவனுக்கு விளக்கம் கிடையாது. நான் துறைத்தலைவராக இருந்த காலத்தில் பையன் முகத்தைப் பார்த்தே எழுதினானா காப்பி அடித்தானா என்று சொல்லிவிடுவோம்.

வகுப்பறை:
ஹெச்ஓடி சார், உங்கள் காலத்தில் முகம் பார்த்து மார்க் போட்டதால்தான் எங்களை மாதிரி ஆட்கள் பாதிக்கப்பட்டோம். பெயர் பார்த்து, ஊர் பார்த்துப் போட்ட மார்க்கை எல்லாம் நான் மறக்கவில்லை. இந்த மெஷினுக்கு முகம் தெரியாது, அதனால்தான் இதை நம்புகிறேன். கெடு இரவு 11.59 என்றால் எல்லாருக்கும் 11.59.

பழைய ஹெச்ஓடி:
என்னைப் பார்த்தா சொல்கிறாய்? நான் யாருக்கும் அப்படிப் போட்டதில்லை. வார்த்தையை அளந்து பேசு.

சர்வர்காரன்:
மெஷின் மீது பழி போடாதீர்கள், அது நீங்கள் சொன்னதைத்தான் செய்கிறது. அதே மூடுலில் வினாடிவினாவை எடுத்துக்கொள்ளுங்கள். மாணவன் எழுத எழுத நிமிடத்துக்கு ஒருமுறை தானாகவே சேமிக்கும். நேரம் முடிந்தால், யாரும் அமைப்பை மாற்றாத வரை, அதுவரை எழுதியதைத் தானே ஒப்படைத்துவிடும். கரண்ட் போனாலும் நெட் போனாலும் சேமித்தது போகாது. குவிஸில் அழுத்தாதவனுக்கு மார்க் உண்டு, அசைன்மென்டில் அழுத்தாதவனுக்குப் பூஜ்யமா? அசைன்மென்டிலும் கெடு தேதி வேறு, கட்-ஆஃப் தேதி வேறு. கெடு தாண்டினால் தாமதம் என்று மட்டும் காட்டும், கட்-ஆஃப் தாண்டினால்தான் கதவு மூடும். அதற்குப் பிறகும் அந்த ஒரு மாணவனுக்கு மட்டும் நீட்டிப்பு கொடுக்க வசதி இருக்கிறது. நீங்கள் இரண்டுக்கும் ஒரே நேரத்தை வைத்துவிட்டு, நீட்டிப்பும் தர மாட்டேன் என்கிறீர்கள். இத்தனை வழி வைத்திருக்கிறார்கள், அத்தனையையும் அடைத்துவிட்டு அதற்கு நியாயம் என்று பெயர் வைக்கிறீர்கள்.

வகுப்பறை:
இவ்வளவு வசதி தெரிந்தவர், போன செமஸ்டர் இன்டர்னல் டெஸ்ட் அன்று உங்கள் சர்வர் ஏன் படுத்தது என்று சொல்லுங்களேன். நீங்களேதான் இங்கே புலம்பி எழுதினீர்கள்.

சர்வர்காரன்:
ஒரே நேரத்தில் எல்லாத் துறைக்கும் டெஸ்ட் வைக்காதீர்கள் என்று முன்பே மெயில் போட்டேன், யாரும் கேட்கவில்லை. நாலு ஜிபி ராமில் மொத்தக் கல்லூரியையும் உட்கார வைத்தால் அப்படித்தான் ஆகும். புது சர்வர் கேட்ட கோப்பு இன்னும் அலுவலகத்தில்தான் கிடக்கிறது. பேச்சை மாற்றாதீர்கள். 'ஆம்' என்று வைத்தது யார்?

மூன்றாமாண்டு ஈசிஈ:
வகுப்பறை சார், உங்கள் பாடத்தில் வரைவிலேயே நின்றுபோன மாணவர்களின் கோப்பை ஒருமுறையாவது திறந்து பார்த்தீர்களா?

வகுப்பறை:
திறக்க வேண்டிய அவசியம் இல்லை. வரைவு வரைவுதான். வகுப்பில் முதல் நாளே சொல்லிவிட்டேன், கேட்டவர்கள் எல்லாம் அழுத்தினார்கள். அந்தப் பொத்தானுக்கு முன்னால், இது என் சொந்தப் படைப்பு என்று உறுதிமொழியும் வைத்திருக்கிறேன். அதை ஏற்காமல் வந்த கோப்பை நான் எப்படி எடுத்துக்கொள்வது? நாளைக்கு இன்னொருவனுடையது என்று தெரிந்தால் யார் பொறுப்பு?

சர்வர்காரன்:
உறுதிமொழி வேண்டுமானால் அந்தப் பையனைக் கூப்பிட்டு ஒரு கையெழுத்து வாங்குங்கள், முடிந்தது வேலை. இல்லையென்றால் சமர்ப்பிக்கச் சொல்லி ஒருநாள் நீட்டிப்பு கொடுங்கள், உங்கள் பக்கத்தில் ஓரிரண்டு சொடுக்குதான். அவன் எழுதியது அங்கே இருக்கிறது.

வகுப்பறை:
ஒருவனுக்குக் கொடுத்தால் எல்லாரும் வருவார்கள்.

சர்வர்காரன்:
வரட்டும். வருகிறவனுடைய கோப்பு கெடுவுக்கு முன்னால் ஏறியிருக்கிறதா என்று லாகைப் பார்த்து நானே சொல்கிறேன். ஏறாதவனுக்குக் கொடுக்க வேண்டாம், ஏறியவனுக்கு ஏன் இல்லை?

நெல்லைச்சீமை:
கிளாஸ்ரூமில் லாகெல்லாம் பார்க்கவே தேவையில்லை என்று மறுபடியும் சொல்லிக்கொள்கிறேன்.

பழைய ஹெச்ஓடி:
அந்த முகம் பார்த்து மார்க் போட்ட பேச்சை வாபஸ் வாங்கச் சொல்லுங்கள் முதலில்.

வகுப்பறை:
எதையும் வாபஸ் வாங்க மாட்டேன். மார்க்கையும் சேர்த்துத்தான்.