சப்டைட்டில் போட்டாலே படம் திக்குது: ஜெல்லிஃபின், ராஸ்பெர்ரி பை 4

வணக்கம். காரைக்குடி பக்கம், வீட்டிலிருந்தே ஐடி வேலை. சனி, ஞாயிறு ஆனா இந்தப் பெட்டியோடதான் மல்லுக்கட்டு. சிக்கல் இதுதான்: அனிமே எபிசோடு சப்டைட்டில் இல்லாம அருமையா ஓடுது, சப்டைட்டில் போட்டதும் திக்கித் திக்கி நின்னுடுது.

ராஸ்பெர்ரி பை 4ங்கிற குட்டிக் கணினி, 4 ஜிபி, அதுல ஜெல்லிஃபின் (நம்ம கோப்புகளை டிவிக்கு அனுப்புற சர்வர் மென்பொருள்). கோப்புகள் 1080பி, எச்.இ.வி.சி. 10 பிட் வீடியோ, ஏ.எஸ்.எஸ். சப்டைட்டில் (எழுத்து திரையில எங்கே, எப்படி வரணும்னும் சொல்ற வகை). பொங்கலுக்குப் புது டிவி வந்ததிலிருந்து இப்படி. மடிக்கணினில எம்.பி.வி. பிளேயர்ல திறந்தா அதே கோப்பு ஒழுங்கா வருது.

முதல்ல வைஃபை மேல சந்தேகம். ரவுட்டர் முகப்புல, டிவி இரண்டாம் கட்டுல, நடுவுல வளவும் (உள்முற்றம்) ஒரு முழ அகலச் சுவரும். வளவைச் சுத்தி லேன் கேபிள் இழுத்தேன் (ஆத்தங்குடித் தரையில டேப் ஒட்டினதுக்கு அப்பத்தாகிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டது தனிக்கதை). மாற்றமில்லை. ஜெல்லிஃபின் டாஷ்போர்டுல பார்த்தா, டிவி ஆப்புக்கு ஏ.எஸ்.எஸ். புரியாததால சர்வரே எழுத்தைப் படத்துல பதிச்சு ட்ரான்ஸ்கோட் பண்ணுது (வீடியோவையே ஓட ஓட மறுபடி மாத்தி எழுதுது), சிபியு 100 சதவீதம். ஃபேன் வச்சேன், சூடு குறைஞ்சது, திக்கல் குறையல.

சப்டைட்டிலை எஸ்.ஆர்.டி.யா (வெறும் எழுத்தும் நேரமும் மட்டும் உள்ள வகை) மாத்தினா ஓடுது. ஆனா கடைப் பலகை, கடிதம் மேலயே வர்ற மொழிபெயர்ப்பெல்லாம் வசனத்தோட சேர்ந்து கீழே குவியுது. யார் பேசுறா, எது பலகைன்னே தெரியல. அப்படிப் பார்க்கிறதுக்குப் பார்க்காமலே இருக்கலாம்.

ஏ.எஸ்.எஸ். அமைப்பு கெடாம ஓட, சர்வரை மினி பிசிக்கு மாத்தணுமா, இல்ல டிவி பக்கம் கோடி (Kodi) பிளேயர் ஓடுற பெட்டி ஒண்ணு மாட்டினாலே போதுமா?