கரிசல் மண்ணுல கட்டை புதைச்சு காய்கறி பாத்தி போடலாமா?

கோவில்பட்டிக்காரன்:
வணக்கம் மக்களே, வீட்டுக்குப் பின்னாடி ரெண்டு சென்ட் கிடக்கு, சுத்தக் கரிசல். மழை பெஞ்சா செருப்பு மண்ணோட நின்னுரும், கோடையில வெடிப்புக்குள்ள கையே போகும். வேலியில வெட்டுன பூவரசு, முருங்கைக் கட்டை நெறைய இருக்கு, சீமைக்கருவேல விறகும் கொஞ்சம். ஹூகல்கல்ச்சர்னு கட்டைய புதைச்சு மேல செடி வைக்கிறாங்களே, யூட்யூப்ல பாத்தா மூணடி குழி தோண்டுறாங்க, நமக்கும் அப்படித்தானா? ஐப்பசி மழைக்கு முன்னாடி முடிச்சிட்டு கத்தரி, மிளகா வைக்கலாம்னு இருக்கேன். கரையான் வரும்னு வீட்ல வேற பயமுறுத்துறாங்க.

கரிசக்காடு:
அண்ணாச்சி குழியே வேண்டாம். கரிசல்ல குழி தோண்டுனா அது தண்ணித்தொட்டிதான், நனைஞ்சு உப்புன மண்ணுல தண்ணி கீழ எறங்காது, அடைமழை பிடிச்சா கட்டை பூரா தண்ணிக்குள்ள கிடந்து காத்து இல்லாம நாத்தம் எடுக்கும், வேரும் அழுகிரும். மேல்மண்ண அரையடி வழிச்சு ஓரமா குமிச்சிட்டு, அடியில கடப்பாரையால குத்தி விட்டு, கட்டைய தரைக்கு மேலயே அடுக்குங்க. பெருசு கீழ, சுள்ளி மேல. சந்துபொந்துல மண்ணும் மக்குன குப்பையும் போட்டு தண்ணி விட்டு நல்லா இறக்கணும், இல்லேன்னா எலி குடி வந்துரும், எலி வந்தா பின்னாடியே பாம்பு. அதுக்கு மேல ஒரு அடிக்கு மண்ணும் தொழுவுரமும் கலந்து போடுங்க. சரிவு ரொம்ப செங்குத்தா வேண்டாம், கரிசல் நனைஞ்சா வழுக்கிட்டு எறங்கிரும். அப்புறம் பூவரசும் முருங்கையும் பச்சையா இருந்தா துளிர்த்து மரமாயிரும், நல்லா காயவிட்டு, வைக்கும்போது ஊறவச்சு வைங்க. கருவேலம் வைரம் பாய்ஞ்சது, லேசுல மக்காது, கொஞ்சமா போதும்.

மொட்டைமாடி அக்கா:
தம்பி கத்தரிய கொஞ்சம் தள்ளிப் போடுங்க. கட்டை மக்க ஆரம்பிச்சா நுண்ணுயிர் எல்லாம் தழைச்சத்த இழுத்துக்கும், செடிக்கு கிடைக்காது, அடி இலையில இருந்து மஞ்சளாயிட்டே வரும். மொத போகம் தட்டப்பயறு, கொத்தவரை, அவரைன்னு போங்க, அதுங்க தனக்கு வேண்டிய தழைச்சத்த வேர்முடிச்சுல பாத்துக்கும். கத்தரிதான் வேணும்னு அடம்பிடிச்சா கடலைப்புண்ணாக்கு ஊறவச்ச தண்ணி அடிக்கடி விடணும். பாத்தி வருஷா வருஷம் அமுங்கும், அதுக்கு பயப்படாதீங்க, மேல குப்பை போட்டுட்டே இருந்தா போதும்.

கோவில்பட்டிக்காரன்:
ரொம்ப நன்றி. பக்கத்து வீட்ல தென்னந்தடி ஒண்ணு விழுந்து கிடக்கு, அதையும் போட்டுரலாமா?

தென்னந்தோப்பு:
சுத்துவட்டாரத்துல தென்னை நின்னா தடி பக்கமே போகாதீங்க சார். மக்குற தென்னந்தடியிலயும் சாணிக்குப்பையிலயும்தான் காண்டாமிருக வண்டு முட்டை போடும், தோண்டுனா வெள்ளையா விரல் தண்டி புழு சுருண்டு கிடக்கும், வண்டானதும் நேரா தென்னங்குருத்துக்குத்தான் போகும். மட்டைய கத்திரியால வெட்டுன மாதிரி வி ஷேப்புல வந்தா அதோட வேலைன்னு வச்சுக்கோங்க. தொழுவுரமும் நல்லா மக்குனதா, புழு இல்லாம சலிச்சு போடுங்க. கரையான் கண்டிப்பா வரும், செத்த கட்டைதான் அதுக்கு சாப்பாடு, பாத்திக்குள்ள தின்னா தின்னுட்டு போகட்டும், ஆனா வீட்டுச் சுவர ஒட்டி மட்டும் போடாதீங்க, கதவு நிலை போயிரும். ரெண்டு சென்ட்ல வீட்டுக்கு எட்டாத மூலை எதுன்னு மொதல்ல பாருங்க.