கொடுவா மீனின் முட்டை பொரிப்புத் தொட்டியின் அடியில் படிந்தால் கொட்டிவிடலாமா? உவர்நீர், நாற்றங்கால், கடலோரம் என்ற பெயர்களில் மூவர் விவாதிக்கிறார்கள்.

உவர்நீர்: "மிதந்தால் உயிர், படிந்தால் பிணம்" என்ற கணக்கு உப்பு 30 பிபிடி (ஆயிரத்தில் 30 பங்கு) இருக்கும்போது சரி. வடகிழக்குப் பருவமழையில் தொட்டி நீரின் உப்பு 22க்கு இறங்கினால் கருவுற்ற முட்டையும் அடிக்குப் போகும். நீரின் அடர்த்தி குறைந்ததுதான் காரணம். பார்க்காமலே கொட்டுவது அநியாயம்.

நாற்றங்கால்: உயிர் இருந்து என்ன பயன் சார்? 0.8 மி.மீ. முட்டைகள் குவிந்து கிடந்தால் உள்ளே ஆக்சிஜன் போகாது. 29 டிகிரியில், 30 பிபிடி நீரில் ஆக்சிஜனின் நிறைசெறிவே (கரைந்து நிற்கும் உச்ச அளவே) லிட்டருக்கு ஆறரை மில்லிகிராம்தான். செத்த முட்டை அழுகி அதையும் தின்றுவிடும். பாக்டீரியா பெருகும், பொரிந்த குஞ்சும் தேறாது. கொட்டுவதுதான் சிக்கனம்.

உவர்நீர்: குவிய விட்டால்தானே? ஏர் ஸ்டோனை (காற்றுக் குமிழி விடும் கல்லை) அடிமட்டத்தில் வைத்து முட்டையை மெல்ல எழுப்பிக்கொண்டே இருங்கள். நூறு முட்டையை நுண்ணோக்கியில் பாருங்கள். கண்ணாடி போலத் தெளிவாக, ஒரே எண்ணெய்த் துளியோடு இருந்தால் உயிர். வெள்ளையாகக் கலங்கியிருந்தால் செத்தது. பிறகு தொட்டியின் உப்பை ஏற்றுங்கள். 1,000 லிட்டர் 22 பிபிடி நீரை 30 ஆக்க, 100 பிபிடி உப்பளத் தண்ணீர் சுமார் 115 லிட்டர் போதும். சொட்டுச் சொட்டாக விடவேண்டும். 30 வந்ததும் காற்றைச் சில நிமிடம் நிறுத்தி, அடியில் தங்குவதைச் சைஃபனில் (உறிஞ்சு குழாயில்) எடுத்துவிடுங்கள்.

கடலோரம்: ஒரு எச்சரிக்கை. ஜிப்சம் (ஒரு கால்சியம் உப்பு) படியத் தொடங்கிய உப்பளப் பாத்தித் தண்ணீர் வேண்டாம், கால்சியம் குறைந்திருக்கும். கல்லுப்பைக் கரைத்து ஊற்றுவது அதைவிட மோசம்: கால்சியம், மெக்னீசியம் இரண்டுமே போதாது. வலை போட்டு அள்ளவும் கூடாது. வளரும் கருவின் செல்படலம் மஞ்சள்கருவை மூடி முடிக்கும்வரை முட்டை அதிர்ச்சி தாங்காது.

நாற்றங்கால்: இவ்வளவும் தாய்மீன் தொட்டியில் முன்பே செய்யவேண்டிய வேலை. ஹார்மோன் ஊசி போட்டு 30–36 மணி நேரத்தில் முட்டையிடும். அதற்குமுன் உப்பை 30க்குக் கொண்டுவர முடியாவிட்டால் ஊசியே போடாதீர்கள். 28–30 டிகிரியில் 17–18 மணி நேரத்தில் பொரிந்துவிடும். முட்டை விழுந்த பிறகு சொட்டுச் சொட்டாக உப்பு ஏற்ற நேரம் எங்கே?

உவர்நீர்: ஊசி போட்ட மீனுக்கு அது சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித் தானாக முட்டையிடும் தொட்டியில் மீன் நம் உப்பு அளவுக்குக் காத்திருக்காது. அங்கே நுண்ணோக்கியில் பார்க்காமல் கொட்டாதீர்கள்.